ஆஸ்திரேலியாவில் ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச்: போகலாமா? சிட்னியா, பிரிஸ்பேனா?

மாலைவெயில்:

வணக்கம். பி.இ. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். எங்கள் கல்லூரிக்கு ஆஸ்திரேலியாவில் எக்ஸ்சேஞ்ச் ஒப்பந்தங்கள் உண்டு. வரும் ஜூலையில் ஐந்தாவது செமஸ்டரை அங்கே படிக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சிட்னியா பிரிஸ்பேனா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

போக ரொம்ப ஆசை. ஆனால் அப்பா கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. "பட்டம் இங்கேதான் தரப்போகிறார்கள், நாலு மாதம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவதில் என்ன கிடைக்கும்?" என்கிறார். கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டியிருக்கும், அதனால் அவர் கேட்பதில் தப்பில்லை. பார்ட் டைம் வேலை பார்த்தாலே செலவு முழுக்க வந்துவிடும் என்று ஒரு சீனியர் சொல்கிறார், அது உண்மையா? எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், அங்கே படித்த பாடங்களை இங்கே ஏற்றுக்கொள்ளாமல் போய், திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டிவருமோ என்பதுதான். போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

தென்திசை:

வாழ்த்துகள் தம்பி. முதலில் கல்லூரியில் ஒன்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: இது எக்ஸ்சேஞ்சா, ஸ்டடி அப்ராடா? பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்வார்கள், ஆனால் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எக்ஸ்சேஞ்ச் என்றால் கல்விக் கட்டணத்தை வழக்கம்போல உங்கள் கல்லூரியில் கட்டுவீர்கள், அங்கே கட்ட வேண்டியதில்லை. ஸ்டடி அப்ராட் என்றால் அங்கே வெளிநாட்டு மாணவருக்கு உள்ள கட்டணம் முழுதும் உங்கள் தலையில்.

பாடம் ஒத்துப்போவது பற்றி. இதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் முடித்துவிட வேண்டும், வாய்வார்த்தையாக "பார்த்துக்கலாம்" என்று ஹெச்.ஓ.டி. சொன்னால் அதை நம்பி விமானம் ஏறாதீர்கள். அங்கே பெரும்பாலும் ஒரு செமஸ்டருக்கு நான்கு பாடம்தான் முழுச்சுமை. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்கு வழக்கமாக 6 கிரெடிட் பாயிண்ட், ஆக மொத்தம் 24. பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்கு 2 யூனிட், மொத்தம் 8. உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். இது தெரியாத ஒருவர் உங்கள் சான்றிதழில் 8 என்று பார்த்தால் "என்னப்பா, இவ்வளவுதான் படித்தாயா" என்று கேட்பார். அதனால் எண்ணை எண்ணோடு ஒப்பிடாமல், அங்கத்திய முழுச்சுமை இங்கத்திய எத்தனை கிரெடிட்டுக்குச் சமம் என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். மதிப்பெண்ணுக்கும் அப்படியே. சிட்னியில் 85க்கு மேல் என்றால்தான் ஹை டிஸ்டிங்ஷன், 50 முதல் 64 வரை வெறும் பாஸ். குயின்ஸ்லாந்தில் 1 முதல் 7 வரை கிரேடு, 4 வாங்கினால் பாஸ். இங்கே 90 வாங்கிப் பழகியவர்களுக்கு அங்கே 72 என்பது இடிபோல இருக்கும், உண்மையில் அது நல்ல மார்க். எந்த கிரேடுக்கு இங்கே என்ன கிரேடு என்ற அட்டவணை முன்கூட்டியே கையில் இருந்தால் உங்கள் சி.ஜி.பி.ஏ. தப்பிக்கும்.

நான்கு பாடம் வேண்டுமென்றால் ஏழெட்டுப் பாடங்களுக்கு ஒப்புதல் வாங்குங்கள். போன பிறகு இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் வரும், அல்லது முன்பாடம் படித்திருக்கவில்லை என்று ஒன்றில் சேர்க்க மாட்டார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் வாரவாரியாக என்ன நடத்துவார்கள், எந்த அசைன்மென்டுக்கு எத்தனை சதவீதம் என்று விரிவான பாடக்குறிப்பு இணையத்திலேயே இருக்கும். அதை பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள், திரும்பி வந்து வாதாட அதுதான் சாட்சி. உங்கள் ஐந்தாவது செமஸ்டரில் அதைவிட அதிகப் பாடங்களும் லேப்களும் இருக்கும், ஆகவே ஒன்றிரண்டு மிஞ்சத்தான் செய்யும். அவற்றை அடுத்த செமஸ்டரோடு சேர்த்து முடிக்க அனுமதி கேளுங்கள்.

ஐந்தாவது செமஸ்டர் நல்ல நேரம். ஏழாவதில் போனால் கேம்பஸ் இன்டர்வியூ கைநழுவிப் போகும்.

வென்ட்வொர்த்வில் அக்கா:

தம்பி, நான் சிட்னியில் கனகாலமாக இருக்கிறேன், எங்கள் வீட்டில் படிக்க வந்த பிள்ளைகள் பலர் தங்கிப் போயிருக்கிறார்கள். அந்த சீனியர் சொன்னதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

மாணவர் விசாவில், அதாவது சப்கிளாஸ் 500இல், வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். படிப்புத் தொடங்கும் முன் வேலை செய்யவே கூடாது. 2025 ஜூலையில் அடிப்படைக் கூலியை மணிக்கு 24.95 ஆஸ்திரேலிய டாலர் ஆக்கினார்கள், நிரந்தரமில்லாத வேலை என்றால் அதற்கு மேல் 25 சதவீதம் கூட. கேட்க நல்லாகத்தான் இருக்கும். ஆனால் வந்து, வங்கிக் கணக்குத் திறந்து, வரி எண் எடுத்து (அது இலவசம், யாருக்கும் காசு கொடுத்து எடுக்க வேண்டாம்), வேலை தேடிப் பிடிப்பதற்குள் பாதி செமஸ்டர் ஓடிவிடும். நாலு மாதத்துக்கு மட்டும் நிற்கிற ஆளை எடுக்கவும் முதலாளிமார் யோசிப்பார்கள். எங்கள் ஆட்களின் கடையென்று நம்பிப் போய், அந்தக் கூலியில் பாதியைக் கையில் காசாக வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிக் குறைத்துக் கொடுப்பது சட்டப்படி குற்றம், கூலி குறைந்தால் கூலிப் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மனிடம் முறையிடலாம், விசா வைத்திருக்கும் மாணவருக்கும் அந்த உரிமை இருக்கிறது.

வேலை கிடைத்தால் கைச்செலவுக்கு ஆகும் என்று மட்டும் வையுங்கள். விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் ஒரு வருடத்துக்கு 29,710 டாலர் என்று 2024 மே மாதம் உயர்த்தினார்கள். உங்களுக்கு ஒரு செமஸ்டர்தான் என்பதால் மாதக் கணக்கில் குறையும். விசாக் கட்டணத்தையே 2025 ஜூலையில் 2,000 டாலர் ஆக்கினார்கள். தங்கும் காலம் முழுதுக்கும் ஓ.எஸ்.ஹெச்.சி. என்கிற மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம். இவை போக வாடகை. இங்கே வாடகை வாரக் கணக்கு, இதைக் கவனிக்காமல் 350 என்று பார்த்து மாத வாடகை என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. சிட்னி நகரத்துக்குக் கிட்டப் பகிர்ந்து இருக்கும் வீட்டில் ஒரு அறைக்கே வாரம் 300க்கு மேல் போகும். மேற்குப் பக்கம், வென்ட்வொர்த்வில், டூங்காபி என்று வந்தால் குறையும், தமிழ்க் கடைகளும் உண்டு, மேஸ் ஹில் முருகன் கோயிலும் கிட்ட. ஆனால் நகரத்துக்கு ரயிலில் முக்கால் மணி நேரம் போல ஆகும், மாணவர் சலுகைக் கட்டணமும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பொதுவாக இங்கே கிடையாது.

அறையை நேரில் பார்க்காமல் முற்பணம் அனுப்பாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் ஹாஸ்டலோ தெரிந்தவர் வீடோ ஒழுங்கு செய்துகொண்டு வந்து, பிறகு தேடுங்கள்.

ஆற்றங்கரை:

நான் பிரிஸ்பேன் பக்கம் பேசுகிறேன். 2024 ஆகஸ்டிலிருந்து குயின்ஸ்லாந்தில் பஸ், ரயில், படகு எல்லாவற்றுக்கும் ஒரு பயணத்துக்கு 50 சென்ட்தான், எவ்வளவு தூரம் போனாலும். வெளிநாட்டு மாணவருக்கும் அதே கட்டணம். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் செயின்ட் லூசியா வளாகத்துக்கு சிட்டிகேட் படகிலேயே வந்து இறங்கலாம். காலை வெயிலில் ஆற்றில் நின்றுகொண்டே வகுப்புக்கு வருவது எனக்கு இன்றும் பிடிக்கும். ஜூலை அங்கே குளிர்காலம், ஆனால் பிரிஸ்பேனில் பகலில் ஒரு ஸ்வெட்டர் போதும். சிட்னியில் வீட்டுக்குள்ளேதான் அதிகமாகக் குளிரும், பல வீடுகளில் ஹீட்டர் வசதி சரியாக இருக்காது.

இன்னொன்று, யாரும் சொல்வதில்லை. சிட்னியில் உங்கள் பல்கலைக்கழகம் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் என்றால் கவனம், அங்கே 2019 முதல் வருடத்துக்கு மூன்று பருவம். கடைசிப் பருவம் செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் வரை போகும், உங்கள் ஆறாவது செமஸ்டரோடு மோதலாம். மற்ற இடங்களில் வழக்கமான இரண்டாம் செமஸ்டர் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் முதலிலோ தொடங்கி, தேர்வோடு நவம்பரில் முடிந்துவிடும். படிப்பு முடிந்த பிறகும் இந்த விசாவில் பொதுவாக ஒரு மாதம் கூடக் கிடைக்கும், ஊர் சுற்ற அதை வைத்துக்கொள்ளுங்கள். கடலில் இறங்கினால் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டும். நீச்சல் தெரியும் என்று தள்ளிப் போய் இறங்காதீர்கள், அங்கே உள்ளிழுக்கும் நீரோட்டம் மேலே அமைதியாகத்தான் தெரியும்.

மாலைவெயில்:

மூவருக்கும் ரொம்ப நன்றி. எங்களுடையது எக்ஸ்சேஞ்ச்தான், காலையில் போய்க் கேட்டுவிட்டேன். பிரிஸ்பேன் பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் அப்பாவின் முதல் கேள்வி அப்படியே நிற்கிறதே, பணம் போக என்ன கிடைக்கும் என்று. இன்னொன்று, என் ஆங்கிலம் எழுத ஓகே, வகுப்பில் பேசத்தான் வராது.

தென்திசை:

இரண்டுக்கும் ஒரே பதில்தான். அங்கே பெரிய அரங்கில் நடக்கும் லெக்சர் பெரும்பாலும் ஒளிப்பதிவாகிவிடும், வீட்டிலிருந்தே பார்க்கலாம். உண்மையான படிப்பு டியூட்டோரியலில். இருபது, இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், நடத்துபவர் பலகையில் விடையை எழுதித் தர மாட்டார். ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு மேசை மேசையாக வந்து "நீ ஏன் இந்த அனுமானத்தை எடுத்தாய்?" என்று கேட்பார். புத்தகத்தில் இருக்கிறது என்று சொன்னால், புத்தகம் ஏன் எடுத்தது என்று அடுத்த கேள்வி வரும். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், சார் என்று எழுந்து நின்றால் அவருக்குத்தான் சங்கடம். முதல் சில வாரம் வாய் ஒட்டிக்கொள்ளும். பிறகு குழுவாகச் செய்யும் பிராஜெக்டில் ஒருவர் சொன்னதை மறுத்துப் பேசியே ஆக வேண்டிவரும், பேசுவீர்கள். உச்சரிப்பை யாரும் கண்டுகொள்வதில்லை, சொல்ல விஷயம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நான் திரும்பி வந்த பிறகு இன்டர்வியூவில் என்னைக் காப்பாற்றியது இந்தப் பழக்கம்தான், அங்கே படித்த பாடத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அப்பாவிடம் இதையே சொல்லுங்கள்.

ஆனால் கடனைப் பற்றியும் நேராகப் பேசுங்கள். வேலையே கிடைக்கவில்லை என்றாலும் அந்தக் கடனை வீடு தாங்குமா என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தாங்காது என்றால் இந்த முறை விட்டுவிடலாம், தவறே இல்லை. தாங்கும் என்றால் பிரிஸ்பேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை உறுதிச் சான்று கையில் வந்த அன்றே விசாவுக்குப் போடுங்கள், ஜூலைக்கு முன்னால் கூட்டம் சேர்ந்துவிடும். ஒப்புதல் வாங்க வேண்டிய பாடப் பட்டியலை இங்கேயே போடுங்கள், மெக்கானிக்கல் என்பதால் எது எதோடு ஒத்துப்போகும் என்று என்னால் சொல்ல முடியும்.