புதுப்பிப்பு: கவிதை மாதம் நிறைவடைந்தது

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஜூலை முழுவதும், எங்கள் வாட்ஸ்அப் குழுவும் வகுப்பறைகளும் சேர்ந்து நாளொரு கவிதை வாசிப்போமா என்று மாதத் தொடக்கத்தில் கேட்டிருந்தேன். வாசித்துவிட்டோம்!

முதல் வாரம், தாங்களும் எழுத முயன்ற பிள்ளைகள் எதுகை தேடியே களைத்துப்போனார்கள். "இன்று காலையில் கண்டதை எழுதுங்கள், போதும்" என்று மாற்றிய பிறகுதான் ஊர் கவிதைக்குள் வந்தது. குமரி மாவட்டத்தின் குலசேகரம் பக்கத்துப் பையன் மழையில் நனைந்த ரப்பர் மரங்களை எழுதினான். குளச்சல் பக்கத்து ஆறாம் வகுப்புச் சிறுமியின் நான்கு வரிகளை என்னால் மறக்க முடியவில்லை. மேற்குக் கடற்கரையில் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை அல்லவா? விசைப்படகு கரையில் கிடக்கிறது, அப்பா வீட்டில் இருக்கிறார், அவளுக்கு மகிழ்ச்சி. அம்மா மட்டும் அரிசிப் பானையை அடிக்கடி திறந்து பார்க்கிறாள். வளைகுடாவில் வேலை செய்யும் குழு நண்பர் ஒருவர் அதைத் தன் குரலில் வாசித்து அனுப்பினார். வகுப்பில் ஒலிக்கவிட்டோம். மறுநாள் அவள் மூன்று கவிதைகளோடு வந்தாள்.

27ஆம் தேதி, 1876இல் கவிமணி பிறந்த தேரூரில் கூடினோம். சாரல் விடாததால் குளக்கரை வாசிப்பு ஒரு வீட்டுத் திண்ணைக்கு மாறியது.

பிள்ளைகளின் கையெழுத்திலேயே தைத்த நோட்டு இப்போது வகுப்பு அலமாரியில் இருக்கிறது. கேட்டவர்களுக்குப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன்.