பிறந்த குழந்தைக்குப் ‘புத்துயிர்ப்பு’ பொருந்துமா?

வணக்கம் ஐயா.

மலேசியாவின் சுங்கை சிப்புட் தன்னார்வலர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன். செம்பனைத் தோட்டத்து வீட்டிலோ, மருத்துவமனைக்குப் போகும் வழியில் வண்டியிலோ பிள்ளை பிறந்து மூச்செடுக்காமல் கிடந்தால் என்ன செய்வது என்ற பகுதிக்கு வந்திருக்கிறேன். அந்தச் சிகிச்சைக்கு நம் கலைச்சொல் குழுவில் நீங்கள் தந்த ‘சிசுப் புத்துயிர்ப்பு’ என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வீட்டுப் பாட்டி ஒருவர் அதைக் கேட்டால், பிள்ளை இறந்துவிட்டது என்றே நினைப்பார்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பெரியவர்களுக்கான உயிர்காப்பு முதலுதவியையும் இதே சொல்லால்தான் கற்றுத்தருகிறோம். அதைக் கற்றவர் நேரே நெஞ்சை அழுத்தப் போவார். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயம்தான் முதலில் நிற்கிறது. பிறந்த குழந்தைக்கோ நுரையீரலில் காற்று நிறையாததால் துடிப்பு தளர்கிறது. உடலைத் துடைத்து, சூடு காத்து, முதுகைத் தேய்த்தும் மூச்சு வராவிட்டால், பிறந்த 60 வினாடிக்குள் கையால் அமுக்கும் காற்றுப் பையும் முகமூடியும் கொண்டு காற்றுச் செலுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்திற்கு 40 முதல் 60 முறை. நெஞ்சு ஏறி இறங்குமாறு 30 வினாடி காற்றுப் போன பிறகும் இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 60க்குக் கீழே இருந்தால்தான் நெஞ்சழுத்தம். அதுவும் 3 அழுத்தத்திற்கு 1 மூச்சு என்ற கணக்கில்.

ஆகவே ‘மூச்சூட்டல்’ என்று முன்மொழிகிறேன். பாலூட்டல் தெரிந்த எவருக்கும் இது விளங்கும். பையை ‘மூச்சூட்டுப் பை’ எனலாம்.

---

அம்மா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் நெஞ்சழுத்தம், தொப்புள்கொடி வழியே மருந்து எல்லாம் அடங்கிய முழுச் சிகிச்சைக்கும் அது போதுமா?

---

போதாது ஐயா. முழுமைக்கும் ‘பச்சிளங்குழந்தை உயிர்காப்பு’ என்று வைத்துக்கொள்வோம். இறந்தபின் எழுப்புதல் என்ற சாயல் அதில் இல்லை. மூச்சூட்டல் அதன் நடுப்படி. 100 குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேருக்குக் காற்றுக் கொடுக்க வேண்டியிருக்கும். நெஞ்சழுத்தம் வேண்டியவர்கள் ஒருவருக்கும் குறைவு. தன்னார்வலர் மனத்தில் முதலில் பதிய வேண்டிய சொல் எது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

முகமூடிதான் இன்னும் இடறுகிறது. ‘முகக்கவரி’ என்றால் கோவிட் காலத்துத் துணியே எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இதுவோ குழந்தையின் வாயையும் மூக்கையும் காற்றுக் கசியாமல் மூடும் சிறு கிண்ணம்; கண்ணில் அழுந்தக் கூடாது. ‘மூச்சுக்கிண்ணம்’ சரியாக வருமா? குழுவினர் சொல்லுங்கள்.