மறு: பெட்சைடு சுகர் டெஸ்ட் – தமிழில் என்ன போடலாம்? (வெள்ளிக்குள்)

மயிலாடுதுறை:
பிரசவ வார்டில் ஒட்டும் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தை, குறைமாதக் குழந்தை, 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தது: இவர்களுக்குக் குதிகால் ஓரத்தில் குத்தி, லேபுக்கு அனுப்பாமல் அங்கேயே குளுக்கோமீட்டரில் பார்க்கிறார்களே, அதற்குச் சொல் வேண்டும். ‘படுக்கையருகுப் பரிசோதனை’ என்றால் எனக்கே புரியவில்லை.

மன்னார்குடி:
மடிச்சோதனை. குழந்தை தாய்மடியில்தானே இருக்கிறது?

கும்பகோணம்:
ஐயா, எங்கள் தெருவில் மடி என்றால் ‘தொடாதே, தள்ளி நில்.’ குறளிலோ சோம்பல். மடியின்மை என்று அதிகாரமே உண்டு.

மன்னார்குடி:
அதே வள்ளுவர் ‘மடிதற்று’ என்கிறார். அங்கே மடி ஆடை. போகட்டும், ‘கால்மாட்டுக் குருதியாய்வு’ என்போம். தலைமாடு, கால்மாடு இரண்டிலும் மாடு என்பது பக்கம். செல்வத்துக்கும் அதுவே பெயர்...

திருவாரூர்:
வார்டில் வேலை பார்ப்பவள் சொல்கிறேன். கால்மாடு என்று எழுதினால் கறவை மாட்டைக் கேட்பார்கள். என் கவலை வேறு. ‘சர்க்கரை குறைவு’ என்று பார்த்ததும் பாட்டி சேனைத்தண்ணி (பிறந்த குழந்தை நாக்கில் வைக்கும் இனிப்புத் தண்ணி) கலக்கப் போய்விடுவார். தாய்ப்பால்தான் கொடுக்க வேண்டும், அதுவும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள். அளவு தாழ்ந்திருந்தால் அடுத்தது என்ன என்று டாக்டர் சொல்வார்.

கும்பகோணம்:
‘உடனறி சோதனை’?

திருவாரூர்:
உடனே அறிந்துவிட்டதாக ஆகிவிடும், தம்பி. பிறந்த குழந்தைக்கு ரத்தத்தில் சிவப்பணு அதிகம், மீட்டர் குறைத்துக் காட்டலாம். எங்கள் வார்டில் 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை 45 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் லேபுக்கும் அனுப்புவோம். அதற்காகச் சிகிச்சையை நிறுத்தி வைப்பதில்லை.

மயிலாடுதுறை:
வெறும் ‘குதிகால் சோதனை’ போதுமா?

திருவாரூர்:
தைராய்டு சோதனைக்கும் அதே குதிகாலில்தான் குத்துகிறோம். தாய்மார் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

மயிலாடுதுறை:
சரி, ‘குதிகால் சர்க்கரைச் சோதனை’. நாலு பேர் ஒப்புக்கொண்டாயிற்று. அடியில் பெரிய எழுத்தில் ‘சேனை, சீனித்தண்ணி கொடுக்க வேண்டாம்’ என்று சேர்த்துவிட்டேன். அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

மன்னார்குடி:
சர்க்கரை வடசொல். அனுப்புங்கள், ஆனால் நான் ஒப்பவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். அப்புறம், சேனை என்ற சொல் எங்கிருந்து வந்தது, யாராவது பார்த்தீர்களா?