"கண்டறிதல்" போதவில்லை: இயக்கி சாதனத்தை ஏற்பதற்கு ஒரு சொல் வேண்டும்

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்காக நான் தொகுத்துவரும் லினக்ஸ் ஆய்வகக் கையேடு திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் தடைப்பட்டு நிற்கிறேன். யுஎஸ்பி வழியே செருகும் தொடர்முனைச் சாதனத்தை (தரவைப் பிட் பிட்டாக வரிசையில் அனுப்புவதை), லினக்ஸின் உட்கருவாகிய கர்னலில் உள்ள இயக்கி, அதாவது சாதனத்தை இயக்கும் நிரல், தன்னுடையதாக ஏற்றுக்கொள்வதை இதுவரை "கண்டறிதல்" என்றே எழுதிவந்தேன். அது தவறு என்பதைச் சென்ற வார வகுப்பு காட்டிவிட்டது. பயிற்சிக்கான மின்சுற்றுப் பலகையைச் செருகியதும், இணைந்துள்ள யுஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை அதைப் பட்டியலிடுகிறது. நிரல்கள் பலகையோடு பேசுவதற்கான டிடிஒய்யுஎஸ்பி0 என்ற முனை மட்டும் இல்லை. மாணவர்கள் பதிவேட்டில் "சாதனம் கண்டறியப்படவில்லை" என்று எழுதிவிட்டுக் கம்பியை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தார்கள். கோளாறு கம்பியில் இல்லை. கர்னல் பதிவைப் படித்தபோது, பலகையின் தொடர்முனைச் சில்லுக்கான சிஎச்341 இயக்கி அதை ஏற்று, முனையையும் உண்டாக்கி, மறுநொடியே இழந்திருப்பது தெரிந்தது. பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் பிரெயில் காட்சிக்கருவிகளுக்கான மென்பொருள் ஒன்று, தன் கருவி ஒன்றுக்கும் அதே அடையாள எண் இருப்பதால், பலகையைத் தனதென்று எடுத்துக்கொண்டிருக்கிறது. கண்டறிதல், ஒப்பிடுதல், ஆராய்தல், ஏற்றல் ஆகிய நான்கையும் ஒரே சொல்லில் அடைத்த என் பிழைக்கு மாணவர்களின் ஒரு பிற்பகல் போயிற்று.

"இனங்காணல்" என்றால் பொருந்துமா?

புதுச்சேரி, இலாசுப்பேட்டையிலிருந்து

ஐயா, இனங்காணல் பொருந்தாது. இனம் என்பது வகை. எஃப்டிடிஐ நிறுவனத்தின் யுஎஸ்பி தொடர்முனைச் சில்லு 0403, 6001 என்ற இரண்டு எண்களைச் சொல்கிறது. முன்னது விற்பனையாளரையும் பின்னது பொருளையும் குறிக்கும். இயக்கி அந்த இணையைத் தன் பட்டியலில் தேடுகிறதே தவிர வகையைப் பார்ப்பதில்லை. மோடம் போன்ற தொடர்புச் சாதனங்களை வகையைப் பார்த்து ஏற்கும் சிடிசி ஏசிஎம் இயக்கிக்கு வேண்டுமானால் இனங்காணல் தகும்.

என் பரிந்துரை "தேர்தல்", "தேறுதல்" என்னும் இணை. தெரிந்துதெளிதல் அதிகாரத்தின் 509ஆம் குறள் இவ்விரண்டையும் வரிசைப்படுத்தியே தருகிறது: ஆராய்வது தேர்தல், ஆராய்ந்தபின் நம்பி ஏற்பது தேறுதல். எண் ஒத்தவுடன் கர்னல் இயக்கியின் ஆய்வுச் செயற்கூற்றை அழைக்கிறது. அது சாதனத்தை மறுக்கவும் கூடும், ஏற்கவும் கூடும். குறளில் உள்ள முறையும் இதுவே. கலங்கிய நீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறம் தேய்க்கும் தேற்றாங்கொட்டையும், வடித்தெடுத்த கள்ளாகிய தேறலும் இவ்வேரிலிருந்து வந்தவை என்பதை நோக்கினால், தெளிவடைந்து ஏற்றல் என்னும் பொருளின் ஆழம் விளங்கும்.

கடலூர் முதுநகரிலிருந்து

துறைமுகத்துப் பேச்சிலிருந்து ஒரு சொல்லைத் தருகிறேன். படகு கரையை ஒட்டி வந்து நிற்பதை "அணைதல்" என்பார்கள். கர்னல் பதிவும், மாற்றி (யுஎஸ்பி-தொடர்முனை கன்வர்ட்டர்) இன்ன முனையில் சேர்ந்தது என்றுதானே சொல்கிறது? "சாதனம் டிடிஒய்யுஎஸ்பி0 முனையில் அணைந்தது" என்று எழுதலாம்.

புதுச்சேரி, வில்லியனூரிலிருந்து

அணைதல் அழகிய சொல். ஆனால் மின்சாதனம் அணைந்தது என்றால் விளக்கு அணைந்தது போலத்தான் மாணவர் கொள்வார். தேர்தல் என்றால் வாக்குச்சாவடிதான் நினைவுக்கு வரும். தேறுதலிலோ வேறொரு சிக்கல் உள்ளது. குறளில் தேறுபவன் ஆராய்கிறவன். இன்றைய வழக்கில் தேறுபவர் தேர்வு எழுதியவர். ஆகவே "இயக்கி சாதனத்தைத் தேறியது" என்று எழுதினால் பிழையென்பார்கள்; "சாதனம் தேறியது" என்று எழுதினாலோ வினை சாதனத்தின் மேல் ஏறி, இயக்கி செய்யும் செயல் மறைந்துவிடும்.

நான் "பிணைத்தல்" என்பேன். காரணம் எதிர்ச்சொல். சாதனங்களையும் இயக்கிகளையும் கர்னல் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் அடைவில் ஒவ்வோர் இயக்கிக்கும் பிணைக்க ஒரு கோப்பும் விடுவிக்க ஒரு கோப்பும் உண்டு. மஞ்சக்குப்பத்து நண்பரின் பலகைக்கு நேர்ந்ததும் அதுவே: பிணைந்தது, பிறகு பிணைப்பு அவிழ்ந்தது. தேறிய ஒன்றைத் தேறாததாக்குவதை எந்தச் சொல்லால் எழுதுவது? புதிய எண்ணுக்கான கோப்பில் நாமே எண்ணிணையை எழுதி, இயக்கி அதுவரை அறியாத சாதனத்தையும் அதனோடு பிணைக்க முடிகிறது. அங்கே நடப்பதைத் தேறுதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து

ஞாயிறு இரவாகிவிட்டது. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் நால்வர் பிணைத்தலுக்கும் ஒருவர் தேறுதலுக்கும் இசைகின்றனர். கையேட்டில் கண்டறிதல், ஒப்பிடுதல், ஆராய்தல், பிணைத்தல் என்று நான்கு படிகளாக எழுதிவிட்டேன். பதிவேட்டுப் படிவத்திலும் ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி ஒதுக்கியுள்ளேன்.

புதுச்சேரி, இலாசுப்பேட்டையிலிருந்து

பெரும்பான்மைக்குத் தடையில்லை, ஆயினும் என் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள். எண் ஒத்தும், ஆராய்ந்தபின் இயக்கி சாதனத்தை மறுத்துவிட்டால், அந்த வரியில் மாணவர் எதை எழுதுவார்? "பிணையவில்லை" என்றால், ஆராயவே இல்லையா, ஆராய்ந்து மறுத்ததா என்பது தெரியாது. "தேறவில்லை" என்ற ஒரு சொல் அதைச் சொல்லிவிடும். இரண்டாம் பதிப்புக்கேனும் மூன்றாம் படியின் விளைவாக இச்சொல்லைச் சேர்க்க வேண்டுகிறேன்.