அண்ணாவின் மைல்ஸில் அம்மாவுக்கு டிக்கெட் எடுப்பதா, காசு கட்டுவதா?

வட்டக்கச்சிக் கணக்கப்பிள்ளை:

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பழகிய கை. ஆனாலும் லண்டனில் இருக்கும் அண்ணாவின் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

ஆகஸ்டில் அண்ணாவின் மூத்த மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. பள்ளிக்கூட விடுமுறையில்தான் மண்டபம் கிடைத்ததாம். அம்மா போகவேண்டும். அம்மாவுக்கு வயது 69, முழங்கால் வலி, ஆங்கிலம் தெரியாது. இதுவரை விமானம் ஏறியது ஒரே தடவை, திருச்சிக்கு. அன்றும் பக்கத்தில் நான் இருந்தேன்.

அண்ணாவிடம் கடனட்டை வழியாகச் சேர்ந்த 61,000 அவியோஸ் இருக்கிறது. பிரிட்டிஷ் எயர்வேஸ் கணக்கில் சேரும் பயணப் புள்ளிக்கு அதுதான் பெயர், மைல்ஸ் என்று நாங்கள் சொல்வதும் அதைத்தான். "இலவசமாகவே எடுத்துவிடலாம், நீ காசைப் பற்றி யோசிக்காதே" என்றார். மறுநாள் அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். போக வர 58,000 அவியோஸ், அதற்கு மேல் 290 பவுண். இதில் இலவசம் எங்கே இருக்கிறது? முழுவதும் காசாகக் கட்டினால் 720 பவுண் என்று இன்னொரு படம்.

அம்மாவின் பயணச் செலவில் பாதி என்னுடையது என்று முதலே சொல்லிவிட்டேன். காசு டிக்கெட் என்றால் என் பங்கு 360 பவுண், சிறுபோக நெல் விற்றதும் கொடுத்துவிடுவேன். மைல்ஸில் எடுத்தால் நான் அவருக்கு எவ்வளவு தரவேண்டும்? 58,000 அவியோஸை எந்த விலைக்கு என் பேரேட்டில் பதிவது? கேட்டால் சிரிக்கிறார். சிரிப்புக்கு என்னிடம் பதிவேடு இல்லை.

முறிகண்டிக் கச்சான்:

தங்கச்சி, அண்ணர் சிரித்தாலும் உங்கள் கேள்வி சரியானது. காசு விலையிலிருந்து, மைல்ஸோடு சேர்த்துக் கட்டவேண்டிய காசைக் கழியுங்கள். மீதியை மைல்ஸ் தொகையால் பிரியுங்கள். 720இல் 290 போக 430. அதை 58,000ஆல் பிரித்தால் ஓர் அவியோஸுக்கு ஏறத்தாழ 0.74 பென்ஸ். அப்படியானால் அண்ணர் போடுவது 430 பவுண் பெறுமதி. பாதிப் பங்கு என்ற பேச்சில் மாற்றமில்லை என்றால், 290ஐ நீங்கள் கட்டி, இன்னும் 70 கொடுக்கவேண்டிவரும்.

இன்னொன்று. காசு கொடுத்து வாங்கும் டிக்கெட்டுக்குப் பொதுவாகப் புதிதாக மைல்ஸ் சேரும், மைல்ஸில் எடுத்த டிக்கெட்டுக்குச் சேராது. சிறிய தொகைதான். ஆனால் கணக்கப்பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டால் பிறகு என்னைப் பிடிப்பீர்கள்.

அந்த 290 ஏன் என்றால், மைல்ஸ் அடிக்கட்டணத்தை மட்டுமே மூடும். விமான நிலையக் கட்டணம், அரசு வரி, விமான நிறுவனம் தானாகப் போடும் மேலதிகக் கட்டணம் எல்லாம் காசாகவே போகும். லண்டனிலிருந்து புறப்படும் பயணத்துக்கு அந்த நாட்டு அரசு விமானப் பயணி வரி வாங்குகிறது. மைல்ஸ் டிக்கெட் என்று விடமாட்டார்கள். எக்கொனமியில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத்தான் விலக்கு. அம்மாவை அந்த வயதுக்குள் கொண்டுவர வழியில்லை.

மாங்குளம் சந்தி:

கூட்டல் கழித்தல் இருக்கட்டும். அந்த இரண்டு படங்களும் ஒரே விமானத்துக்கு உரியவையா? முதலில் அதைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாமியைப் பாரிசுக்கு அனுப்பினோம். கொழும்பிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுவரை மைல்ஸ், அங்கிருந்து பாரிசுக்குக் காசு, வேறு நிறுவனம். இரண்டும் தனித்தனிப் பதிவு. மைத்துனர் அதைப் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்தார், நானும் தலையாட்டினேன். முதல் விமானம் நான்கு மணி நேரம் தாமதம். ஒரே பதிவாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனிப் பதிவு என்பதால் இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் மாமி வராத பயணி. டிக்கெட் போயிற்று. மாமி 19 மணி நேரம் கதிரையில் இருந்தார். சேலைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்த துண்டில் எழுதியிருந்த தொலைபேசி இலக்கம் வியர்வையில் ஊறி அழிந்துவிட்டது. யாரோ ஒரு மலையாளப் பிள்ளை தன் கைப்பேசியைக் கொடுத்து, மாமி நினைவிலிருந்து சொன்ன எங்கள் வீட்டு இலக்கத்துக்கு எடுத்துக் கொடுத்தாள். புது டிக்கெட் வாங்கிய காசில் மைல்ஸ் மிச்சம் எல்லாம் கரைந்துவிட்டது.

ஆகவே இடைத்தங்கல் எத்தனை மணி நேரம், எத்தனை பதிவு என்று அண்ணாவிடம் கேளுங்கள். சக்கர நாற்காலிக்கும் முன்கூட்டியே, 48 மணி நேரத்துக்குக் குறையாமல், அறிவித்துவிடுங்கள். அதற்குக் காசில்லை. மைல்ஸ் டிக்கெட் என்றாலும் உண்டு.

வட்டக்கச்சிக் கணக்கப்பிள்ளை:

மாங்குளம் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று இரவே அண்ணாவை எழுப்பினேன். அவமானமாக இருக்கிறது. 720 பவுண் டிக்கெட் இடையில் ஒன்பது மணி நேரம் தங்கும் விமானம். 58,000 அவியோஸ் கட்டுநாயக்காவிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரே போகும் ஸ்ரீலங்கன். நெல்லுக்கும் பதருக்கும் ஒரே விலை போட்டிருக்கிறேன். அதே நேரடி விமானத்துக்குக் காசு விலை கேட்டால் 940 பவுண், ஆகஸ்ட் அல்லவா!

முறிகண்டி ஐயாவின் வழியில் போட்டேன். 940இல் 290 போக 650. பிரித்தால் 1.12 பென்ஸ். ஒரே இரவில் அவியோஸ் விலை ஏறிவிட்டது. அப்படியென்றால் நான் அண்ணாவுக்குத் தரவேண்டியதும் ஏறுகிறதா?

தொரன்டோவில் ஒரு புதுக்குடியிருப்பான்:

ஏறவில்லை, முன்பு குறைத்துப் போட்டிருந்தீர்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை. நீங்கள் காசு கொடுத்து வாங்கவே போகாத டிக்கெட்டின் விலையை வைத்து மைல்ஸை மதிக்கக்கூடாது. இங்கே என் நண்பர்கள் சிலர் பிஸினஸ் வகுப்பில் போய்வந்து "எட்டாயிரம் டொலர் மிச்சம்" என்பார்கள். எட்டாயிரம் கொடுத்து ஏறியிருப்பீர்களா என்று கேட்டால் பதில் வராது. உங்கள் அம்மா தனியாக ஒன்பது மணி நேரம் இடையில் இருப்பாரா? மாட்டார் என்றால் ஒப்பிடவேண்டியது 940தான். இருப்பார் என்றால் உங்கள் மிச்சம் பழைய 430தான்.

என் கட்சி, மைல்ஸைச் செலவழியுங்கள். அதற்கு வட்டி இல்லை. எத்தனை மைல்ஸுக்கு ஓர் ஆசனம் என்பதை நிறுவனம் நினைத்த நாளில் மாற்றலாம், வங்கிக் காசை அப்படி மாற்ற முடியாது. சும்மா கிடந்தாலும் போய்விடும். இங்கே எயர் கனடாவின் மைல்ஸ் திட்டமான ஏரோபிளானில் 18 மாதம் கணக்கில் அசைவில்லை என்றால் புள்ளிகள் காலாவதி, அவியோஸுக்கு 36 மாதம். என் சித்தப்பா வட்டாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வருகிறேன் வருகிறேன் என்று வருடக்கணக்காகப் புள்ளி சேர்த்தார். வந்த வருடம் காசுக்குத்தான் வந்தார்.

அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டதா? அதுதான் என் முதல் கேள்வியாக இருந்திருக்கவேண்டும்.

முறிகண்டிக் கச்சான்:

விசா என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மலிவான காசு டிக்கெட் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காதது. விசா மறுக்கப்பட்டால் 940இல் வரி கொஞ்சம் மட்டும் வரும். பிரிட்டிஷ் எயர்வேஸ் கணக்கில் அவியோஸ் கொண்டு எடுத்ததைப் புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்வரை சிறு கட்டணத்தோடு ரத்துச் செய்யலாம், அவியோஸும் வரியும் திரும்பும். ஸ்ரீலங்கன் 2014இலிருந்து பிரிட்டிஷ் எயர்வேஸும் உள்ள ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால்தான் அந்த அவியோஸ் இங்கே செல்லுகிறது. ஆனால் மைல்ஸுக்கு ஒதுக்கும் ஆசனம் எண்ணிக்கையில் குறைவு, ஆகஸ்டில் இன்னும் குறைவு. இன்றைக்கு இருப்பது நாளைக்கு இராது.

அண்ணர் வீட்டார் எல்லோருடைய அவியோஸையும் ஒன்றாகச் சேர்க்கும் குடும்பக் கணக்கு வைத்திருந்தால் அம்மாவின் பெயரை முதலில் அதன் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பதிவு போகாது. பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதவேண்டும். எங்கள் ஆட்களுக்கு எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்று நமக்கே தகராறு. அம்மாவின் கடவுச்சீட்டை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஓர் எழுத்து விடாமல் பாருங்கள்.

வட்டக்கச்சிக் கணக்கப்பிள்ளை:

பார்த்தேன். அப்பாவின் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இருக்கிறது. அண்ணா அதே பெயரில் ஓர் 'எச்' குறைத்து எழுதுகிறவர். அவர் தன் பழக்கத்தில் எழுதியிருந்தால் கட்டுநாயக்காவில் நின்று அழுதிருப்போம்.

விசா முடிவு இன்னும் வரவில்லை. கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போய்வந்து எட்டு நாள். ஆகவே மைல்ஸ்தான் என்று முடிவு. ஆசனம் போய்விடக்கூடாது என்று அண்ணா இன்று காலையே பதிந்துவிட்டார், போவது தனி, வருவது தனி. மாங்குளம் கோபிக்க வேண்டாம், இரண்டும் நேரடி விமானம், இடையில் மாறுவதற்கு எதுவுமில்லை. போகும் பயணத்துக்கு 29,000 அவியோஸும் 75 பவுணும். வருவதற்கு அதே 29,000, ஆனால் 215 பவுண். முறிகண்டி ஐயா சொன்ன லண்டன் வரி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அம்மா ஒரு மாதம் கூட இருக்க விரும்பினால் வரும் டிக்கெட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பங்குக் கணக்கு இப்படி முடிந்தது. 290 பவுண் என்னுடையது. கட்டுநாயக்காவுக்குப் போகும் வான் கூலியும் என்னுடையது. அவியோஸ் அண்ணாவுடையது. பாதிக்குப் பாதி இல்லை, 940இல் என் பாதி 470. மீதி 180ஐ அம்மாவின் பெயரில் வங்கியில் போடுகிறேன் என்றேன். அண்ணா தொலைபேசியை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். அம்மா கேட்டுவிட்டு, "அவனுக்கு நீ கணக்குப்பிள்ளையா, தங்கச்சியா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. 180ஐப் பேரேட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது வேறு கவலை. வறுத்து இடித்த மிளகாய்த்தூள் மட்டும் ஆறு கிலோ, புழுக்கொடியல் நான்கு, அரிசிமா தனி. மைல்ஸில் போகிறவர்களுக்குப் பொதியின் எடையைக் குறைப்பார்களா என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார். குறைக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன் என்றேன். "நினைக்காதே, கேட்டுச் சொல்" என்கிறார்.

மாங்குளம் சந்தி:

அதே வகுப்புக்கு உள்ள எடைதான் பொதுவாக. டிக்கெட்டின் அடியில் கிலோ எழுதியிருக்கும், பாருங்கள். தூளை இரட்டைப் பையில் கட்டி நடுவில் வையுங்கள். எங்கள் மாமியின் சேலைகள் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கின்றன.