நீலக்குறிஞ்சிய நேர்ல பாத்தவங்க உங்க அனுபவத்தச் சொல்லுங்க

நானே மொதல்ல ஆரம்பிக்கிறேன். சொந்த ஊரு போடி. 2018 அக்டோபர்ல கொழுக்குமலைக்குப் போனேன், ஆகஸ்ட் வெள்ளத்துல மூணாறு பக்கம் ரோடெல்லாம் போயி கெடந்ததால பூவ பாக்கவே முடியாதோன்னு கவலையா இருந்துச்சு, அப்புறம் சூரியநெல்லில ஜீப் புடிச்சு விடியக்காலைல மேல ஏறிட்டோம். மேகம் வெலகுனதும் சரிவு முழுக்க ஊதாவும் நீலமும் கலந்து நின்னுச்சு, கொஞ்ச நேரம் யாருமே பேசல.

குத்தவச்சு உக்காந்து கிட்டத்துல பாத்தேன். பூ ஒண்ணொண்ணும் சின்ன மணி மாதிரி, கொத்துக் கொத்தா குச்சியோட ஒட்டி இருக்கு, உள்ள போற தேனீ பின்பக்கம் மட்டும் வெளிய தெரிய ஆட்டிக்கிட்டு இருக்கு. காத்து நின்னா செடிக்கூட்டமே ரீங்காரம் போடுது.

அப்ப பக்கத்துல ஒரு குடும்பம், நல்லவங்கதான், ஒரு பெரிய கொத்த ஒடிச்சு பாப்பா தலைல சொருகி போட்டோ எடுத்தாங்க. ஜீப் ஓட்டுன அண்ணன் கோவப்படல, "ஏம்மா, இது ஒரு தடவதான் பூக்கும், வெத போட்டுட்டு செத்துரும், நீங்க ஒடிச்சது அடுத்த பன்னெண்டு வருசத்துக்கான வெதம்மா"ன்னு மட்டும் சொன்னாரு. அந்தக்கா மொகம் மாறிப்போச்சு. அவங்களுக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான். இப்ப வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துலயே நீலக்குறிஞ்சியச் சேத்துட்டாங்க, பறிச்சா குத்தம். ஆனா மல ஏறுறவங்கள்ல எத்தன பேருக்கு அது தெரியும்?

எனக்கு அதவிட மனசு கஷ்டமானது 2021ல. அதே எடத்துக்குப் போனேன், முழங்கா ஒயரம்கூட வராத பச்சப் புதர். அது மேலயே வண்டிய ஏத்தி நிறுத்திருக்காங்க, டெண்ட் அடிச்ச எடம், அடுப்பு மூட்டுன கரி. பூக்குற வருசம் கயிறு கட்டி காவல் போடுறோம், மிச்ச பதினோரு வருசம் அது வெறும் புதருன்னு நெனச்சு மிதிக்கிறோம். அது வளர்றதே அந்தப் பதினோரு வருசத்துலதானே.

---

அண்ணா, நான் கொடைக்கானல் பக்கம். 2006ல ஸ்கூல்ல எங்கள குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, சுத்தியும் பூ, அந்த வருசம் குறிஞ்சிக்கு தபால் தலைகூட வெளியிட்டாங்க. இங்க பளியர் பழங்குடிப் பெரியவங்க வயசையே குறிஞ்சிக் கணக்குலதான் சொல்லுவாங்க, "நாலு குறிஞ்சி பாத்துட்டேன்"னு ஒரு பாட்டி சொன்னா நாங்க மனசுக்குள்ள பன்னெண்டால பெருக்கிப்போம்.

2018ல எம் பொண்ணத் தூக்கிட்டு எங்க ஊர் மேட்டுக்குப் போனேன், நான் சின்ன வயசுல பாத்த சரிவு இப்ப சவுக்கு மாதிரி வாட்டில் மரமா அடைஞ்சு கெடக்கு. அடில வெயிலே விழல, பூ எங்கேர்ந்து வரும்? குறிஞ்சிக்கு வேண்டியது தொறந்த புல்வெளி. அந்தப் புல்வெளிய "தரிசு"ன்னு எழுதி வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும் நட்டது ஒரு காலம். வாட்டில வெட்டுனா மட்டும் போதாதுண்ணா, அதோட வெத மண்ணுக்குள்ள வருசக்கணக்கா உசுரோட கெடக்கும், தீ பட்டா இன்னும் ஜாஸ்தி மொளைக்கும். வெட்டுன எடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயி நாத்தப் புடுங்கணும். ஐயூசிஎன்ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அழியுற ஆபத்துல இருக்குறதுக்குப் போடுற சிவப்புப் பட்டியல்லயே இப்ப நீலக்குறிஞ்சி ஏறிடுச்சு, படிச்சப்ப அழுதுட்டேன்.

---

ஊட்டிலேர்ந்து ஒரு விஷயம். 2018ல பூத்தது, அடுத்து 2030ன்னு பொதுவா எல்லாரும் சொல்வாங்க, அது மூணாறு, கொடைக்கானல் கணக்கு. எல்லா மலையும் ஒரே வருசம் பூக்காது. 2024 செப்டம்பர்ல இங்க தோடர் பழங்குடி மக்களோட மந்து (குடியிருப்பு) ஒண்ணு பக்கத்துச் சரிவுல பூத்துச்சு, 2022ல இடுக்கி சாந்தன்பாறை பக்கம் கள்ளிப்பாறைல பூத்துச்சு. கள்ளிப்பாறைக்கு நானும் போனேன், கூட்டம் தாங்கல, செடிக்கு நடுவுல எங்க பாத்தாலும் தண்ணி பாட்டில். ரெண்டு கைல எவ்வளவு முடியுமோ பொறுக்கிட்டு வந்தேன். அதுலேர்ந்து எங்கயாவது பூத்துருக்குன்னு தெரிஞ்சா சரியான எடத்த நான் போட்டோவோட போடுறதில்ல, நீங்களும் போடாதீங்க ப்ளீஸ்.

இன்னொண்ணு, குறிஞ்சில நெறைய வகை இருக்கு, சிலது வேற வேற வருசக் கணக்குல பூக்கும். பேப்பர்ல "குறிஞ்சி பூத்தது"ன்னு வந்தா எல்லாமே நீலக்குறிஞ்சி இல்ல. ஆனா எதுவா இருந்தாலும் மிதிக்கக் கூடாதுதான்.

---

ரெண்டு பேருக்கும் நன்றி. எடத்தப் போடாதீங்கன்னு சொன்னது சரிங்க, என் பழைய போட்டோவுல இருந்த லொக்கேஷன இப்பவே எடுத்துட்டேன். தங்கச்சி, உங்க பக்கம் வனத்துறை அனுமதியோட வாட்டில் நாத்து புடுங்குற வேலை எப்பயாச்சும் நடந்தா இங்கயே ஒரு வார்த்த போடுங்க. போடிலேர்ந்து நாங்க நாலு பேரு வர்றோம், கையுறை நாங்களே கொண்டு வந்துருவோம்.