விமான நிலையத்தில் நிவாரணப் பொருள் குவிகிறது, மலை ஊருக்கு ஏன் போய்ச் சேரவில்லை?

சந்தேகப்பிராணி:
2015 நேபாள நிலநடுக்கத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் 25 அன்று 7.8 அளவு, கோர்க்கா மாவட்டத்தில் பார்பாக் பக்கம் தொடங்கியது, சுமார் 9,000 பேர் இறந்தார்கள், லட்சக்கணக்கில் வீடுகள் போயின. இதுவரை சரி. எனக்குப் பிடிபடாதது இதுதான்: பல நாடுகளிலிருந்து காட்மாண்டுவில் பொருள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் மலைமேல் பல ஊர்களில் ஜனங்கள் நாள்கணக்கில் ஒரு தார்ப்பாய்கூடக் கிடைக்காமல் நனைந்திருக்கிறார்கள். காட்மாண்டுவிலிருந்து பார்பாக் நேர்கோட்டில் 100 கிலோமீட்டர்கூடக் கிடையாது. சுத்த நிர்வாகக் கோளாறா? ஹெலிகாப்டரில் போய் மேலிருந்து மூட்டை மூட்டையாகப் போட்டுவிட்டு வந்தால் என்ன?

பொதிமாடு:
கோளாறும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரக்கு வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மலையில் நேர்கோடு என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

முதல் அடைப்பு விமான நிலையத்திலேயே. சர்வதேச விமானம் இறங்க அந்த நாட்டுக்கு அன்று இருந்தது ஒரே நிலையம், ஒரே ஓடுபாதை. கனமான விமானங்கள் இறங்கி இறங்கி அது விரிசல் விட, மே 3 அன்று 196 டன்னுக்கு மேற்பட்டவை வரக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். நல்ல வேளையாக ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் அங்கேயே ஒரு நிவாரணச் சரக்குத் தளத்தை நிலநடுக்கத்துக்கு ஒரு மாதம் முன்புதான் திறந்து வைத்திருந்தது. இதற்கு நடுவில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பெட்டிகள் வேறு வரும். அதைப் பிரித்துப் பார்க்க நாலு பேர், அடுக்க நாலு பேர், அந்த நேரம் மருந்துப் பெட்டி வரிசையில் நிற்கும். 2005 காஷ்மீர் நிலநடுக்கத்தில் பழைய துணி மலைபோல் வந்து சாலையோரம் குவிந்து கிடந்தது. அனுப்பியவர் மனசு நல்லதுதான், ஆனால் அந்தத் துணி வந்த லாரியில் கம்பளி வந்திருக்கலாமே.

இப்போது கடைசித் தூரத்துக்குக் கணக்குப் போடுங்கள். 200 குடும்பம், வீட்டுக்கு 5 பேர், ஆக 1,000 பேர். ஆளுக்கு நாளைக்கு அரை கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சேர்த்து. ஒரு மாதத்துக்கு 15 டன். ரோடு இருந்தால் இரண்டு லாரி லோடு, பேச்சே இல்லை. ரோடு சரிந்துவிட்டால் ஆளுக்கு 30 கிலோ வீதம் 500 முதுகு வேண்டும். ஏற இரண்டு நாள், இறங்க ஒரு நாள் என்றால் சுமக்கிறவர்கள் சாப்பிடுவதற்கே, அதே அரை கிலோ கணக்கில், முக்கால் டன் போய்விடும். இது ஒரே ஒரு ஊருக்கு, சாப்பாட்டுக்கு மட்டும்.

மேகமூட்டம்:
ஹெலிகாப்டர் பற்றி நான் சொல்கிறேன். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது, விசிறி தூக்குகிற திறன் குறைகிறது. காகிதத்தில் 4 டன் என்று போட்டிருக்கிற எம்ஐ-8 ரகம் மேலே போகும்போது அதில் பாதி ஏற்றினாலே பெரிது. திரும்பி வர எரிபொருளும் அதே எடைக்குள் அடங்க வேண்டும், அதனால் பாதி வழியில் எங்காவது பீப்பாய்களைக் கொண்டுபோய் வைக்க வேண்டும், அந்தப் பீப்பாயைத் தூக்க இன்னொரு நடை. பொதிமாடு சொன்ன 15 டன்னை 2 டன்னால் வகுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் மதியத்துக்கு மேல் மேகமும் காற்றும் கூடிவிடும், ஓட்டுவதற்கு வாகான நேரம் காலையில் சில மணி நேரம்தான். அந்த நேரத்திலும் மேலே அரிசி கொண்டுபோகிற அதே வண்டிதான் கீழே காயம்பட்டவர்களைக் கொண்டுவர வேண்டும்.

மேலிருந்து போடுவது படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். சரிவில் விழுந்த மூட்டை உருளும், கிழியும், ஓடிப்போய்ப் பிடிக்கிற இளவட்டங்களுக்குக் கிடைக்கும், கால் உடைந்த கிழவிக்குக் கிடைக்காது. தரையிறக்கலாம் என்றால் சமதளம் என்பதே ஒரு படிக்கட்டு வயல் அகலம், சுழல்காற்றில் முந்தின நாள் கட்டிய தார்ப்பாயும் பறந்துவிடும். ஆபத்தும் கொஞ்சநஞ்சமில்லை. மே 12 அன்று 7.3 அளவில் மறுபடி குலுங்கிய அதே நாளில் நிவாரணத்துக்குப் போன அமெரிக்க ஹெலிகாப்டர் ஒன்று மலையில் மோதி அதிலிருந்த 8 பேரும் இறந்தார்கள், அதில் 2 பேர் நேபாள வீரர்கள்.

சந்தேகப்பிராணி:
சரி, ஹெலிகாப்டர் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் நாலு புல்டோசரை விட்டு ரோட்டைத் திறந்திருக்கலாமே? பிறகு எப்படித்தான் கொண்டுபோனார்கள்?

கூட்ஸ்வண்டி:
திறக்கத்தான் செய்தார்கள். ஆனால் இன்று திறந்த சரிவு நாளை மறுநடுக்கத்தில் மூடிக்கொள்ளும், ஜூனில் மழைக்காலம் தொடங்கியதும் தளர்ந்து நிற்கிற மலை மொத்தமாக வழிய ஆரம்பிக்கும். புல்டோசரும் சரிவை ஒரு முனையிலிருந்துதான் தின்றுகொண்டு போக முடியும். முதல் சரிவைத் தள்ளி முடித்தால்தான் இரண்டாவது எங்கே இருக்கிறது என்றே தெரியும்.

அதனால் நடந்தார்கள். மலையேற்றப் பயணிகள் வராமல் வேலையில்லாமல் நின்ற வழிகாட்டிகளையும் சுமைதூக்கிகளையும் உலக உணவுத் திட்டம் கூலிக்கு அமர்த்தியது. கூடவே கோவேறு கழுதைகள். இடிந்த ஒற்றையடிப் பாதைகளை அவர்களை வைத்தே சீர் செய்தார்கள். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது இதுதான், கூலியும் பாதிக்கப்பட்ட மலை ஊர்களுக்கே போனது. ஆனால் ஜூனில் நெல் நடவு வேறு, வயலை விட்டு ஆள் வருவது லேசில்லை.

பொதிமாடு:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன அனுப்புவது என்பதையும் அந்தப் பாதைதான் முடிவு செய்யும். 4க்கு 6 மீட்டர் தார்ப்பாயை மடித்தால் ஐந்து கிலோவுக்குள் முதுகில் உட்காரும். கூரைத் தகரம் மடியாது. ஆள் உயரத்துக்கும் நீளமான தகரத்தைக் குறுக்காகத் தூக்கினால் பாறை இடிக்கும், நெடுக்காகத் தூக்கினால் வளைவில் காற்று ஆளையே தள்ளும். அவ்வளவு பாடுபட்டுத் தகரம் மேலே போய்விட்டு, ஆணி கீழே கிடங்கிலேயே இருந்தால் எப்படி இருக்கும்? அதனால் கட்டு கட்டும்போதே ஆணி, கட்டுக்கம்பி, ஒரு சுத்தியல் மூன்றையும் தகரத்தோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும், வேறு மூட்டையில் வைக்கவே கூடாது.